இந்த வாரம் ஊருக்குப் போகவில்லை

ஆகஸ்ட் 6, புதன்

புழுக்கம். மழை வருவேன் வருவேன் என்று வண்டலூர் பக்கம் இருட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டது. மாடியில் துணி காயவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பின் ஒயர் சூடாகிறது. எலக்ட்ரீஷியனைக் கேட்க வேண்டும்.

இது பேங்க் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. ரூமில் பேச ஆளில்லை, அதனால் இதை எடுத்தேன்.

தீர்மானம்: இந்த வாரம் ஊருக்குப் போகவில்லை.

ஜூனில் தாம்பரம் கிளைக்கு ஆபீசராக வந்ததிலிருந்து ஒரு வாரம் தப்பவில்லை. வேலை முடிந்த கையோடு கிளாம்பாக்கம், ராத்திரி பஸ், விடிந்தால் தேனி. அங்கே ஒரு வாரத்துத் துணி. மாவு. தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில். பாத்ரூம் கழுவல். கறிக்குழம்பு. ஞாயிறு ராத்திரி மறுபடி பஸ். திங்கட்கிழமை வீங்கின காலோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே கிளை.

இதற்குப் பெயர் ‘வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுத்துட்டு வர்றது’.

இருபது வருடம் தேனியில் கிளார்க். பிரமோஷன் வந்தபோது எல்லாரும் ஒரே குரலில் ‘வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு’. எங்கள் கிளையில் பொம்பளைகள் எல்லாரும் அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள், ஏதோ முகூர்த்தப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவது மாதிரி சாதாரணமாக. நான் கொடுக்கவில்லை. இப்போது கடைசி வாய்ப்பாக ரிவர்ஷன் இருக்கிறது. ஆபீசர் வேலை வேண்டாமென்று இந்த மாதக் கடைசிக்குள் சொன்னால் தேனியில் பழைய கிளார்க் நாற்காலி. சொல்லாவிட்டால் குறைந்தது இரண்டு வருடம் இங்கே.

இவர் தினமும் கேட்கிறார். “எழுதிக் குடுத்தியா?” சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாளை இரண்டாம் சனி, லீவு. கிளையே மூன்று மணிக்கு மேல் பையோடு உட்கார்ந்திருந்தது.

“மேடம், பஸ் எத்தனை மணிக்கு?”

“போகலை.”

“ஐயையோ, ஏன் மேடம்? எதாவது பிரச்சனையா?”

மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் அதே ஐயையோ. கேஷ் கவுண்டர் ஹாஜிரா மட்டும் ஐயையோ சொல்லவில்லை. பம்மலில் வீடு அவளுக்கு. “ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துடுங்க மேடம். தனியா என்ன பண்ணுவீங்க, பாவம்.”

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்தக் கடைசி வார்த்தை வரைக்கும். “வேலை இருக்கும்மா” என்றேன். என்ன வேலை? வெட்டி முறிக்கிற வேலை.

சாயங்காலம் மேற்குத் தாம்பரத்தில் ஓட்டல்.

“எத்தனை பேரும்மா?”

“ஒருத்தி.”

“உள்ள ஃபேமிலி ரூம் இருக்குது, அங்க போயிடுங்க.”

ஒருத்தி எப்படி ஃபேமிலி? உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கிடையாது. கை கழுவுகிற இடம், பக்கத்தில் ஓடாத ஏர் கூலர். வெளியே வந்து ரோட்டைப் பார்த்த மேசையில் உட்கார்ந்துகொண்டேன். சர்வர் இரண்டு தடவை ‘உள்ள’ என்றார். இரண்டு தடவையும் “நெய் ரோஸ்ட்” என்றேன்.

ரோஸ்ட் சுமார். காபி பரவாயில்லை.

இவர் போன்.

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாயிருக்கேன்.”

“பஸ்ல சீட்டுக் கிடைக்கலையா?”

“சீட்டு போடலைங்க.”

டிவி சத்தத்தைக் குறைத்தார். “அப்புறம் ஏன் வரலை?”

“சும்மா.”

நியாயமான பதில் இதுதான் என்று இப்போதும் தோன்றுகிறது.

ஹவுஸ் ஓனர் அம்மா மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். “ஊருக்குக் கிளம்பலையா? சனி ஞாயிறு இருக்க மாட்டீங்கன்னு சொன்னதாலதானே போர்ஷனைக் குடுத்தேன். தண்ணி லாரிக்காரன் வாரம் ஒரு தடவதான் வர்றான்.” நான் ஒரு வாளியில் குளிப்பவள் என்றேன். நம்பவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். செய்ய வேண்டியவை:

சினிமா
வண்டலூர் ஜூ
செருப்பு தைப்பது
ஒயர்

செருப்பு தைத்தாயிற்று. எலக்ட்ரீஷியன் ‘வரேன்’ என்றார், வரவில்லை. அதற்குள் மணி பதினொன்று. நாள் முழுக்க முன்னால் கிடக்கிறது, வெட்டவெளியாக.

ஜூ வாசலில் டிக்கெட் கவுண்டர். “எத்தனை பெரியவங்க, எத்தனை குழந்தைங்க?” ஒன்று, பூஜ்யம். உள்ளே போய் நீர்யானையைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம், “அந்த லேடியை ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க, சும்மாதான் நிக்கிறாங்க.” எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னும் நாலு குடும்பம். எல்லாருடைய படத்திலும் எல்லாரும் இருக்கிறார்கள், எடுத்தவளைத் தவிர.

அங்கிருந்து தாம்பரம் ஸ்டேஷன். பீச் வரைக்கும் டிக்கெட் எடுத்து லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம். பீச்சில் இறங்காமலே அடுத்த வண்டியில் திரும்பினேன். மல்லி விற்கிறவள், “எங்க எறங்கணும்கா?” “தெரியல.” அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒரு முழம் நறுக்கிக் கொடுத்தாள். காசு வாங்கிக்கொண்டாள், அது பெரிய நிம்மதி.

ரூமுக்கு வந்து அழுதேன். மறைப்பானேன். நித்யா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். “அம்மா, ஜாலியா இருக்கியா?” “இருக்கேன்டி.” பெற்ற மகளிடம் பொய். மணி ஏழு, கிளாம்பாக்கம் பத்து நிமிடம், தேனிக்கு இன்னும் பஸ் இருக்கும். பையைக்கூட எடுத்துவிட்டேன். போய் நின்றால் இவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சிரிப்பார். அந்தச் சிரிப்பு!

பையை மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அழுதாலும் இங்கேயே அழுதுகொள்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோவளம்!

காலையில் தூக்கம் வராமல் எழுந்து, கேளம்பாக்கம் வழி போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கடலைப் பார்த்து உட்காரலாம் என்றுதான். தேனிக்காரிக்குக் கடல் தின்பண்டம் மாதிரி, எவ்வளவு பார்த்தாலும் போதாது. போனால் படகுகள் வந்து நிற்கின்றன, மணலில் தார்ப்பாய் விரித்து மீனைக் கொட்டி ஏலம்.

என் புத்தி தெரியாதா. ஏலம் என்றால் கால் தானாக நிற்கும். தேனியில் அடகு நகையை மீட்காதவர்களுக்கு நோட்டீஸ் போட்டு ஏலம் விடும்போதெல்லாம் என் வேலை ஒன்றுதான். ஒவ்வொரு கேள்வித் தொகையையும் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் எழுதுவார். இருபது வருடம் இதையே சொல்லிச் சொல்லிக் குரல் அப்படிப் பழகிவிட்டது.

இங்கே ஏலக்காரர் கத்துகிறார், “ஆயிரம்... ஆயிரம்...”

நான், “ஆயிரம்!”

ஏலக்காரர் தொகையை ஏற்றினார். “ஆயிரத்து எரநூறு... ஆயிரத்து எரநூறு...”

நான், பேங்க் குரலில், “ஆயிரத்து இருநூறு!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஏலக்காரர் கையைத் தட்டினார். “வுட்டாச்சு! கண்ணாடி போட்ட அக்காவுக்கு!”

இந்தக் கரையில் தொகையை வாய்விட்டுச் சொன்னவர்தான் கேட்டவர். ஒரு கூடை சங்கரா மீன் எனக்குச் சொந்தம். கூடை ஒரு பெரிய குடம் அளவு.

பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இன்னாமா, புதுசா கீற? வியாபாரமா?”

“இல்லைங்க. நான் பேங்க்.”

“பேங்குல இப்ப மீனும் வாங்கிக்கிறாங்களா?”

கரையே சிரித்தது. ‘தெரியாமச் சொல்லிட்டேன், விட்டுடுங்க’ என்று நாக்கு நுனி வரை வந்தது. நகை ஏலத்தில் எத்தனை பேர் என்னிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தரையாவது விட்டிருப்பேனா? பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த அம்மா பெயர் எலிசா. பணம் கை மாறினதும் அவர் முகமும் மாறியது. “சரி, எடுத்தது எடுத்துட்ட. அழுதுகினு நிக்காத. ரோட்டாண்ட வா, என் பக்கத்துல குந்து. வித்துட்டுப் போ.”

நான் அழவில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

“அழலன்னா இன்னும் நல்லது. கூவு.”

பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கோணியில் உட்கார்ந்தேன். புடவையைச் செருகிக்கொண்டு. முதல் கூவல் பக்கத்துக் கோணிக்குக்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது நகை ஏலக் குரலில் வந்தது. கார்கள் நின்றன. எலிசா அக்கா எனக்கும் சேர்த்து அரிந்து கொடுத்தார். ஒரு கார்க்கண்ணாடி இறங்கியது.

“மேடம்... நீங்க தாம்பரம் பிராஞ்ச்... லோன் செக்‌ஷன்ல...”

சேலையூர் கஸ்டமர். வீட்டுக் கடன்.

“ஆமா சார். சங்கரா எவ்வளவு வேணும்?”

ஒரு கிலோ வாங்கினார். பேரம் பேசவில்லை, பாவம். அட, நான் ஒருத்தரைப் பாவம் என்று சொல்லிவிட்டேன்!

போட்ட பணம் வந்துவிட்டது. நாலு மீன் மிச்சம். என் போர்ஷனில் மீன் சமைக்கக்கூடாது, அது ஓனர் அம்மாவின் முதல் சட்டம். நேரே பம்மல். பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசி வரை காலி, ஷேர் ஆட்டோவில்கூட இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

ஹாஜிரா கதவைத் திறந்து விழித்தாள். “மேடம்?”

“சாப்பிட வரலை. மீன் கொண்டு வந்தேன்.”

ஏலக் கதையைச் சொன்னேன். ஹாஜிராவின் அம்மா பையை வாங்கிப் பிரித்துச் செவுளைத் தூக்கிப் பார்த்து, “நல்லாத்தான் ஏமாந்திருக்கீங்க, மீன் புதுசு” என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். மூன்று தடவை சோறு வாங்கினேன்.

மாடிப்படியில் ஓனர் அம்மா மூக்கைச் சுருக்கினார். “என்ன வாடை இது?”

“கடல்” என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை, அரை மணி. கரண்ட் கட். ஒயர் இன்னும் சரியாகவில்லை.

கிளை முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டுக் கடன்காரர் வேலை. “மேடம், வஞ்சிரம் ரேட் என்ன?” என்று ஒவ்வொருவனாக வருகிறான். “கே.ஒய்.சி. குடுங்க, சொல்றேன்.”

இவரிடம் நானே சொன்னேன், வேறு யார் சொல்வதற்கும் முன்னால்.

“மீன் வித்தியா? ரோட்டுல உக்காந்தா?”

“ஆமாங்க. நல்லா வித்துச்சு.”

“ஆபீசர்னு போயி... தேனியில தெரிஞ்சா கடையில நான் எப்படி உக்காருறது?”

ஹார்டுவேர் கடையில் எப்போதும் உட்காருகிற மாதிரிதான் என்றேன். போனை வைத்துவிட்டார்.

கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். அடித்ததில்லை, குடித்ததில்லை. கடையிலிருந்து வந்தால் தண்ணீர் சொம்பு கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார். அந்த அவ்வளவுதானிலேயே இருபது வருடம் ஓடிவிட்டது. “வீடு வீடா இல்ல” என்கிறார். இருக்கலாம். அந்த வீடு நான்தான் என்று இத்தனை நாள் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளையிலிருந்து மூன்று நாள் லீவு. கிளாம்பாக்கம் பக்கம் ஊரே மூட்டை முடிச்சோடு.

சொல்லிவிட்டேன். இவரிடம் போனில். இனி மாதம் ஒரு தடவை வருகிறேன். துணிக்கு மிஷின் இருக்கிறது. மாவு கடையில் விற்கிறது.

“கடை மாவா?” என்றார். வேறு எதற்கும் குரல் அப்படி உடையவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோவளம். மேகமூட்டம், அலை பெரிது, படகு குறைவு. இன்று ஏலத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். ஏலக்காரர், “அக்கா, இன்னிக்கு லீவா?”

எலிசா அக்காவோடு கூவினேன். அவருடைய மீன், என் குரல். டீ வாங்கிக் கொடுத்தார்.

“வூட்டுக்காரர் இல்லியா?”

“தேனியில இருக்கார்.”

“நீ இங்க இன்னாத்துக்கு?”

“வேலை.”

“அப்ப சரி” என்றார். இந்த ஊருக்கு வந்து ஒரு பதிலை அப்படியே எடுத்துக்கொண்ட முதல் ஆள்.

சாயங்காலம் சினிமா, தனியாக. பாதியில் தூங்கிவிட்டேன். எழுப்ப ஆளில்லை, நல்ல தூக்கம்.

இவர் மூன்று நாளாகப் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. பண்ணத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அழுத்தி எழுதி ஒரு தாள் கிழிந்துவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டார். “மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க ஹஸ்பண்ட் பேசினாரு. உங்களுக்கு இங்க செட் ஆகலை, கூச்சப்பட்டுக்கிட்டு ரிவர்ஷன் கேக்க மாட்டேங்குறாங்கன்னு. நானே ரீஜனல் ஆபீசுக்குச் சொல்லிடட்டா?”

என் மேனேஜருக்கு. என்னைக் கேட்காமல்.

“சார், நாளைக்கு உங்க வீட்டம்மா எனக்குப் போன் பண்ணி, அவருக்குச் செட் ஆகலைன்னு சொன்னா நான் ரீஜனல் ஆபீசுக்குச் சொல்லலாமா?”

அவர் பேனாவை மூடினார். “சாரி மேடம்.”

“நான் இங்கதான் இருக்கேன் சார்.”

சொல்லிவிட்டு சீட்டுக்கு வந்தேன். ஹாஜிரா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அன்றைக்குச் சொன்ன பாவத்தை மன்னித்துவிட்டேன்.

இவருக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினால் கத்துவேன், கத்தினால் அழுவேன், அழுதால் ‘பார்த்தியா’ என்பார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எலிசா அக்காவோடு கூவிக்கொண்டிருக்கும்போது போன்.

“எங்க இருக்க? உன் ரூம் வாசல்ல நிக்கிறேன்.”

ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறார். சொல்லாமல். தோளில் பெரிய காலிப் பை, என் சாமான்களை எடுத்துப் போக. அதை அப்புறம்தான் பார்த்தேன்.

பழைய வசந்தி எழுந்து ஓடியிருப்பாள். இட்லி ஊற்ற.

“கோவளத்துல இருக்கேங்க. தாம்பரத்துல ஏறி, கேளம்பாக்கம் வழியா வர்ற பஸ்ஸான்னு கேட்டு உக்காருங்க. பஸ் ஸ்டாப்லயே இருப்பேன்.”

“நான் வரவா? அங்கயா?”

“மீன் இருக்குங்க. விட்டுட்டு வர முடியாது.”

வந்தார். வெள்ளைச் சட்டை கசங்கி, மணலில் செருப்பு புதைய. கோணியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்திருப்பார். எலிசா அக்கா முந்திக்கொண்டார். “இவருதானா? வாங்க சார், குந்துங்க. வெயிலு பேஜாரா கீது.” ஒரு கவிழ்த்த பக்கெட்டைத் தள்ளினார். மாப்பிள்ளை பக்கெட்டில் உட்கார்ந்தார்.

அடுத்த படகு வந்தது. ஏலத்துக்குக் கூட்டிப் போனேன்.

“மேனேஜர்கிட்ட பேசினீங்களா?”

“உன் நல்லதுக்குத்தான்...”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

ஏலக்காரர் கத்திக்கொண்டிருந்தார். இவர் மெல்ல, “நீ இல்லாம முடியலடி. வீட்டுக்குள்ள நுழையவே பிடிக்கல. வந்துடு. எழுதிக் குடுத்துட்டு வந்துடு.”

இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். நிஜமாகப் பயந்தேன்.

“தொள்ளாயிரம்... தொள்ளாயிரம்...”

“தொள்ளாயிரம்!” என்றேன். வேண்டுமென்றேதான், முழுக் குரலில்.

“வுட்டாச்சு! கண்ணாடி அக்காவுக்கு!”

“என்னடி பண்ற?”

“வாங்கியிருக்கேன். வாய்விட்டுச் சொன்னா இங்க அவங்களுக்குத்தான். பின்வாங்கக் கூடாது. அந்தப் பக்கம் பிடிங்க.”

பிடித்தார். கூடை கனம். சட்டையெல்லாம் மீன் தண்ணீர். ரோட்டுக்கு வந்ததும் எலிசா அக்கா சில்லறை டப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டார். கடைக்காரர் அல்லவா, கை பழகியது. ஒரு கட்டத்தில் “அரை கிலோவா, ஒரு கிலோவா சார்?” என்று அவரே கேட்டதை நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மத்தியானம் அந்த மேற்குத் தாம்பரம் ஓட்டல். “உள்ள ஃபேமிலி ரூம்...” என்று சர்வர் ஆரம்பித்தார். இவர் உள்ளே நடந்தார். நான் ரோட்டைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தேன். போனவர் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் கிளாம்பாக்கம். மூன்று மாதமாகத் தேனியில் இவர் கீழே நிற்பார், நான் பஸ் ஜன்னலில். இன்றைக்கு நான் கீழே. காலிப் பை காலியாகவே மடியில். சட்டையில் இன்னும் மீன் வாடை, பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

“அப்போ எழுதிக் குடுக்க மாட்ட.”

“மாட்டேங்க. வாய்விட்டுச் சொல்லிட்டேன்.”

தலையைக் குனிந்துகொண்டார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலில் முகத்தை வைத்து,

“அந்த மிஷின்ல சோப்புத்தூள் எந்தப் பக்கம் போடணும்?”

“இடது பக்கம். பாதி ஸ்பூன் போதும்.”

பஸ் போய்விட்டது. மழை தூறல். நாளைக்கு எலக்ட்ரீஷியனை விடக்கூடாது.